நாலாவது சீட்டு

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் 'பொறு' என்றுதான் வந்தது.

அண்ணன் சீட்டைப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டம்ளரில் மிச்சமிருந்த இன்னொரு சீட்டைப் பிரிக்காமலே விளக்கில் காட்டி எரித்தார். கடவுள் வேண்டாம் என்று விட்டதை மனுஷன் திறந்து பார்க்கக் கூடாதாம். அது அவர் சட்டம். எடுக்கிறவன் எழுதக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். அதனால் எழுதி, மடித்து, டம்ளரில் போடுவது அண்ணி. ஒன்றில் 'போ', ஒன்றில் 'பொறு'. அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்.

செருப்பு வாங்கவும் வீடு மாறவும் இப்படித்தான் கேட்டார். நானும் அண்ணியும் சிரித்துவிட்டுப் போனோம். இந்த முறை கேட்டது அண்ணியின் கழுத்தைப் பற்றி.

அண்ணியின் கழுத்தில் முன்பக்கம் ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவு. ஊசி குத்திச் சோதித்ததில் சந்தேகம் என்று வந்திருந்தது. அறுத்து எடுத்துவிட்டால் சரியாகும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி, வியாழக்கிழமைக்குத் தேதியும் கொடுத்திருந்தார். செவ்வாய் மதியத்துக்குள் வருகிறோம் என்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த இடம் கிடைக்க நாலு மாதம்.

"பார்த்தியாடா, மூணு தடவை" என்றார் அண்ணன். "ஒரு தடவை வந்தா தற்செயல்னு சொல்லுவே. மூணு தடவைக்கு என்ன சொல்லுவே?"

"மூணு தடவை தற்செயல்னு சொல்லுவேன்."

"உன்கிட்ட பேசுறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம்."

"பேசுங்க. சுவரும் 'பொறு'ன்னுதான் சொல்லும்."

"தம்பி, போதும்" என்றார் அண்ணி சமையலறையிலிருந்து. "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா? தட்டை எடுத்து வைங்க."

எனக்கு அண்ணியின் மேலும் கோபம். கழுத்து அவருடையது. ஒரு வார்த்தை 'நான் போகணும்' என்று சொன்னால் அண்ணன் அசைந்துவிடுவார். அவரோ சீட்டை எழுதி மடித்து டம்ளரில் போட்டுவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்பது போல அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் நின்று சாமான் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அதில் பெருமை தாங்காது.

நானும் அண்ணனும் வேலை பார்ப்பது டாக்டரம்மா இருக்கிற அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான். நான் துணி மடிக்கிற மேசையில். ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் சூடாக இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வரும், நான் மடித்து அடுக்குவேன். அண்ணன் பாய்லரைப் பார்க்கிறவர். பதினெட்டு வருஷமாக அதன் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று நின்று, வீட்டிலும் யாருக்கும் காது கேட்காதது போல சத்தமாகத்தான் பேசுவார்.

திங்கள்கிழமை காலை அவரைத் தேடிப் பாய்லர் அறைக்குப் போனேன். அப்போதுதான் கண்ணாடியைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரிவதற்கு, பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் எரியவிட்டால் பாய்லர் வெடித்துவிடும். அதனால் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்தக் குழாயின் அடித் திருகைத் திறந்து உள்ளதை எல்லாம் வெளியேற்றுவார். பிறகு மூடி, தண்ணீர் குபுக்கென்று திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பார்.

"எதுக்குண்ணே தினமும் இதைப் பண்றீங்க?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன். "கண்ணாடியிலதான் தண்ணி தெரியுதே."

"தெரியும்டா. அடைச்சிருந்தாலும் தெரியும். உள்ள தண்ணியே இல்லாதப்பவும், நடுவுல அழுக்கு அடைச்சுக்கிட்டா, இது பாட்டுக்கு பழைய தண்ணியைக் காட்டிக்கிட்டே நிக்கும். நம்பினவன் செத்தான்."

"அப்ப அந்த டம்ளரை மட்டும் எதுக்கு நம்புறீங்க?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை உதறினார்.

"கண்ணாடி மனுஷன் செஞ்சது. அடைச்சுக்கும். கடவுள் அடைச்சுக்குவாரா?"

"கடவுள் அடைச்சுக்க மாட்டாரு. நடுவுல இருக்கிற குழாய் அடைச்சுக்கும். உங்க கண்ணாடியிலயும் அதானே கதை?"

"அவரைச் சோதிக்கச் சொல்றியா? அது பாவம்டா."

"அவரை யாரு சோதிக்கச் சொன்னா? டம்ளரைச் சோதிங்க. அண்ணிக்கு நாலு மாசம் கழிச்சு அந்தக் கட்டி எவ்வளவு இருக்கும்னு டம்ளருக்குத் தெரியுமா?"

அழுத்தமானியை விரலால் தட்டி முள்ளைப் பார்த்தார். பிறகு, "சரி. கடைசியா ஒரு தடவை. இன்னிக்கு சாயங்காலம்" என்றார். "என்ன வந்தாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

இவ்வளவு கத்தியும் எனக்குக் கிடைத்தது இன்னொரு சீட்டு. மேசைக்குத் திரும்பி வந்து துணியை மடித்த மடிப்பில் கோபம் தெரிந்திருக்க வேண்டும். துவைக்கிற இயந்திரத்தில் நிற்கும் 'ரேடியோ' என் அருகே வந்தான். வாய் மூடாதவன் என்பதால் அந்தப் பெயர்.

"துணி என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இதுக்குப் போயா? ரெண்டு சீட்டுலயும் 'போ'ன்னு எழுதி வச்சிடு. எதை எடுத்தாலும் கடவுள் உன் கட்சி."

"அது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்துறதா, உயிரைக் காப்பாத்துறதான்னு வேணா சீட்டுப் போட்டுப் பாரு."

சிரிப்பு வந்தாலும், அன்று முழுக்க அவன் சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அண்ணன் குளிக்கப் போனார். அண்ணி டம்ளரை விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனார். என் பையில் இரண்டு சீட்டுகள் தயாராக இருந்தன. அண்ணியின் 'போ'வில் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதையும் பார்த்து எழுதியிருந்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதே மாற்றினேன். எடுத்த இரண்டையும் கிழித்துப் போடலாம் என்று பால்கனிக்குப் போய், சும்மா பிரித்துப் பார்த்தேன்.

இரண்டிலும் 'பொறு' என்று எழுதியிருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே கை, ஒரே பேனா. மூன்று வாரமாக அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொண்ட கடவுளின் வாக்கு எது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரமாக நான் யாரோடு சண்டை போட்டிருக்க வேண்டும், யாரோடு போட்டேன் என்பதும் தெரிந்தது.

உள்ளே அண்ணன் கத்தினார். "வந்திருச்சு! இங்க வா! டேய், நீயும் வா! 'போ'ன்னு வந்திருச்சு!"

ஈரத் தலையோடு சிறுபிள்ளை போல அழுதுகொண்டிருந்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்றார். கையில் கரண்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க, காட்டுங்க" என்றார்.

அண்ணன் காட்டினார். அண்ணி அதை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொரு சீட்டுக்காகக் கையை நீட்டினார். அதற்குள் அண்ணன் அதை எரித்துவிட்டார்.

அண்ணி என்னைத்தான் பார்ப்பார், கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு பால்கனிக்கு வந்தார். அண்ணன் உள்ளே யாருக்கோ போன் போட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுங்கண்ணி."

"நான் ரெண்டுலயும் 'பொறு'ன்னுதான் எழுதினேன். நாலு தடவையும்." உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு பயம் தம்பி. அந்த டாக்டரம்மா போற போக்குல ஒண்ணு சொன்னாங்கல்ல, குரலுக்குப் போற நரம்பு கட்டியை ஒட்டித்தான் ஓடுதுன்னு. நீங்க ரெண்டு பேரும் தேதியைக் குறிச்சுக்கிட்டிருந்தீங்க. எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணுமே காதுல விழல. குரல் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அதான் எழுதிட்டேன். ஆனா இன்னிக்கு 'போ'ன்னு வந்திருக்கு. நான் எழுதவே இல்ல. என் கண்ணால பார்த்தேன்."

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"கடவுள் என் திருட்டுத்தனத்தைப் பார்த்துட்டார் தம்பி. பார்த்துட்டு, கோவிச்சுக்காம, திருத்தி எழுதிட்டார். இனிமே எனக்கு என்ன பயம்? அவரே போன்னு சொன்னப்புறம் குரலுக்கு ஏதாவது ஆகுமா?"

சட்டைப் பையில் அந்த இரண்டு சீட்டும் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எப்படியோ போகட்டும், போகிறார் அல்லவா, எனக்கு வேண்டியது அதுதானே என்று சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னை நான் ரொம்பப் புத்திசாலி என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாயிற்று. அன்றைக்கே அண்ணி பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பத்து நாளில் மைக்குக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதிகாரி இரண்டு மாதம் விடுப்பு எடுத்துக்கொள் என்றாராம். இவர் சிரித்தாராம். வீட்டில் வேலை செய்துகொண்டே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக, வாய்க்குள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது. பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. ஏதாவது ஒன்று ஆகி அவர் குரல் போனால், குரல் மட்டுமா போகும்? இந்த நன்றியும் போகும். அதைக் கொண்டுபோவது என் கையெழுத்து.

புதன்கிழமை மதியம் வார்டில் சேர்த்தார்கள். எட்டுக் கட்டில்கள், நடுவில் துணித் திரைகள். எல்லாம் என் மேசையில் மடிந்து வந்தவைதான். அண்ணன் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கப் போனார். டாக்டரம்மா ஒப்புதல் படிவத்தோடு வந்தார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா."

அண்ணி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"இந்த வரியைப் படிச்சீங்களா? குரல் பத்தினது."

"படிச்சேன் டாக்டர். அது எனக்கு நடக்காது."

"யார் சொன்னா?"

"உறுதி வந்திருச்சு."

டாக்டரம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் யாருக்கும் அப்படி உறுதி கொடுக்கிறதில்லம்மா. நடக்கவே நடக்காதுன்னு நினைக்கிறவங்ககிட்ட நான் கையெழுத்து வாங்குறதும் இல்ல. திரும்பப் படிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வரேன்." படிவத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன தம்பி இவங்க, நம்பிக்கை வைக்கிறதைக் குத்தம்ங்கிறாங்க?" என்று அண்ணி என்னிடம் குறைப்பட்டார்.

இனியும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, அந்தச் சீட்டு நான் எழுதினது."

"எந்தச் சீட்டு?"

"திங்கக்கிழமை வந்தது. ரெண்டுலயும் 'போ'ன்னு எழுதி மாத்தி வச்சேன். நீங்க எழுதினது இந்தா இருக்கு."

பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை என் மேல் விட்டெறிந்தார். மூக்குக்குப் பக்கத்தில் பட்டது.

"மூணு நாளா நான் அவருக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன். அதெல்லாம் உங்களுக்கா போச்சு?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி..."

"நல்லதாம் நல்லது! அவருக்குப் பதிலா எழுத நீங்க யாரு தம்பி?"

"நீங்க யாரு?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

திரை விலகியது. அண்ணன் பிளாஸ்க்கோடு நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. போர்வையில் கிடந்த இரண்டு சீட்டுகளை எடுத்துப் படித்தார்.

"முன்னாடி மூணு தடவையும்?" என்று அண்ணியைக் கேட்டார்.

"அது நான்."

"நாலாவது?"

"அது உங்க தம்பி."

பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நாலு தடவையும் அவர் ஒண்ணுமே சொல்லலையா?" என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "செருப்புக்கெல்லாம் சொன்னாரே."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "செருப்புக்கு அவர் எதுக்குண்ணே சொல்லப் போறாரு? உங்களுக்கு வாயில்லையா? உங்க பொண்டாட்டி விஷயத்துல நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு ஒரு நாளாவது நீங்களா சொன்னீங்களா?"

"அப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்டா" என்றார். "நானா யோசிச்சு, நானா முடிவு பண்ணி, உள்ள அனுப்பினேன். வெளிய வரல."

அப்பா ஆபரேஷன் மேசையில் போனது எனக்குத் தெரியும். கையெழுத்தை இவர் இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்பது தெரியாது. சீட்டுப் பழக்கம் எந்த வருஷம் ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. கிண்டல் பண்ணவே நேரம் சரியாக இருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க" என்றார். "சீட்டு வேண்டாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அண்ணன் பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். "நீ போகணும்னு முதல் நாளே நினைச்சேன். நான் சொல்லி உனக்கு ஏதாவது ஆயிட்டா... அதான் அவர் தலையில போட்டேன்."

"நானும் அங்கதான் போட்டேன்" என்றார் அண்ணி. என்னைப் பார்த்தார். "இவரு எல்லார் தலையிலயும் ஏறி உக்காந்துக்கிட்டாரு."

டாக்டரம்மா சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வந்தார். அண்ணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், என் தொழிலே பேசுறதுதான். குரல் போகாதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா. அந்த நரம்பைத் தேடிக் கண்டுபிடிச்சு, ஒதுக்கி வச்சுட்டுத்தான் கட்டியைத் தொடுவேன். ரொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. சில பேருக்குக் கொஞ்ச நாள் கம்மிப்போய் திரும்ப வரும். நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்றதே இல்ல. அந்த ஒருத்தர் நீங்க இல்லன்னு எனக்குத் தெரியாது."

"விட்டுட்டா?"

"விட்டுட்டா கட்டி வளரும். அது கெட்ட கட்டியா இருந்தா, அந்த நரம்பு வரைக்கும் அதுவே போகும்."

அண்ணி என்னிடம் கையை நீட்டினார். எதற்கென்று ஒரு கணம் புரியவில்லை. பேனாவுக்கு. கட்டிலுக்கடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி ஒரு தடவை படித்தார். வேகமாகக் கையெழுத்துப் போட்டார். சிரிக்கவில்லை.

டாக்டரம்மா போனதும், "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். "நான் அவர்கிட்ட தனியா பேசணும்."

"சேர்ந்தே வேண்டிக்கலாமேம்மா" என்றார் அண்ணன்.

"வேண்டிக்கப் போறேன்னு யார் சொன்னா? போங்க."

திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றோம். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஆரம்பித்தது.

"என்ன நினைச்சுக்கிட்டிருக்கே நீ? மூணு வாரம். நான் பொய் எழுதுறேன், பார்த்துக்கிட்டு சும்மா இருக்கே. அவன் பொய் எழுதுறான், அதுக்கும் சும்மா இருக்கே. இந்த ரெண்டு கிறுக்கன்களை நம்பியா என்னை விட்டிருக்கே? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? குரல் எனக்கா, உனக்கா போகப்போகுது?"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் பதறிவிட்டார்.

"டேய், திட்டுறாடா! நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு இப்படியா பேசுவா? போய் நிறுத்துடா."

"நான் இதுல இனிமே தலையிட மாட்டேன்."

அவரே திரையைப் பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். பாய்லர்க்காரர் கை, இரும்பு மாதிரி. ஆனாலும் விடவில்லை. உள்ளே அண்ணி இன்னும் முடிக்கவில்லை.